உள்ளங்கை முத்தம்

மார்ச் 3

அடியே ஊசி,

உட்கார்ந்து படி. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே படித்தால் விரலில் ஏற்றிக்கொள்வாய், அப்புறம் அதற்கும் நான்தான் காரணம் என்பாய்.

உன் அக்காவுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுக்கிறார்கள். இருபத்தெட்டாம் தேதி விழா. இன்னும் தாமதித்தால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கமாட்டாள் என்று பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பதினான்கு வயதில் நாடகக் கம்பெனியில் கிழவி வேஷம் கட்டியதிலிருந்து பார்த்தால் நாற்பத்தெட்டு வருஷம். அந்த முதல் நாடகம் ஞாபகமிருக்கிறதா? இடுப்பில் ஒரு கையை ஊன்றி நான் நடந்ததைப் பார்த்து, முன்வரிசையில் இருந்த அம்மா, "அடிப்பாவி, என்னை மாதிரியே நடக்குறாளே!" என்று கத்த, அரங்கமே சிரித்தது. நீ அவள் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாய்.

பத்து வருஷம் மேடை. பிறகு சினிமாவில் ஒன்பது வருஷம் கதாநாயகி, நாலு வருஷம் கதாநாயகனுக்கு அக்கா, அப்புறம் ஒரே கையெழுத்தில் அம்மா. என்னைவிட மூன்று வயது மூத்தவன்கூட என் மடியில் விழுந்து அழுதிருக்கிறான். இத்தனையும் செய்தவளுக்கு விருது எதற்கு என்று நினைக்கிறாய்? ஒரு நிமிஷக் காட்சிக்கு. விழாக்குழுத் தலைவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். மற்ற வருஷமெல்லாம் நான் என்ன புல்லா பிடுங்கிக்கொண்டிருந்தேன்?

மகளைப் பறிகொடுத்த ஆசிரியையாக நடித்தேனே, அந்தப் படம். குழந்தையின் கவுனை மடிக்கும்போது அதன் பைக்குள் கையை விட்டு, வெளியே எடுத்து, உள்ளங்கையை வாயில் வைத்துக்கொள்வேன். பிறகு கீழுதட்டை விரலால் ஒருமுறை தொடுவேன். 'உள்ளங்கை முத்தம்' என்று பத்திரிகைக்காரர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். இயக்குநர் என்னிடம் "துணியை மடிங்க, போதும்" என்று மட்டும்தான் சொன்னார். மீதியை என் கை தானாகச் செய்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, எல்லாப் பேட்டியிலும் அதைத்தான் சொல்கிறேன். இப்போது நாலு மாடி உயரத்துக்கு அந்தக் கையைத்தான் போஸ்டராக வைத்திருக்கிறார்கள். விழா மேடையில் அதை மறுபடி நடித்துக் காட்ட வேண்டுமாம்.

அந்தப் படம் வந்தபோது உனக்கு டிக்கெட் அனுப்பினேன். நீ திருப்பி அனுப்பிவிட்டாய். வாலு போய் அப்போது மூன்று வருஷம்தான். பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவளுக்கு அந்தக் கதையைக் காட்ட நினைத்தது என் புத்திகெட்டதனம். இப்போது இருபத்துநாலு வருஷம் ஆகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு டிவியில் போடுகிறார்கள். முடிந்தால் பார். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வை. மனுஷர் ஒரு தலைவலி மாத்திரை விழுங்கினாலே வாயைத் திறந்து காட்டச் சொல்லும் ஜெயிலர் நீ, மூன்று மணி நேரம் உட்கார வைப்பதா கஷ்டம்?

உன் அக்கா

மார்ச் 9

அக்கா,

நேற்று மாலையிலிருந்து போன் ஏழு தடவை அடித்துவிட்டது. நீதான் என்று தெரியும். எடுக்கமாட்டேன். போனில் உன் குரல் கேட்டால் எது நடிப்பு, எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

படத்தைப் பார்த்தோம்.

இடைவேளை வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். உனக்குப் போட்டிருந்த ரவிக்கையின் கை சுருக்கமாக இருக்கிறது, எந்தக் கத்துக்குட்டி தைத்தான் என்றுகூட இவரிடம் சொன்னேன். அப்புறம் அந்த அறை வந்தது. நீ தரையில் உட்கார்ந்தாய். டிவிக்குள் உட்கார்ந்திருந்தது நான், அக்கா. உன் முகத்தை மாட்டிக்கொண்டு நான்.

வலது காலை நீட்டி, இடது காலை மடக்கி. பிரசவத்துக்குப் பிறகு என் வலது முழங்கால் மடங்காது, அதனால் நான் அப்படி உட்காருவேன். உன் முழங்காலுக்கு என்ன கேடு? பொத்தானைக் கீழிருந்து மேலே போட்டாய். கவுனை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி மடித்தாய். சாயம் வெளுக்காமலிருக்கத் தையல்காரி அப்படி மடிப்பாள். உன் படத்தில் வருகிறவள் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் ஏன் அப்படி மடிக்கிறாள் என்று உங்கள் கூட்டத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா? அப்புறம் அந்தப் பை. அப்புறம் வாய். கடைசியில் உதட்டில் விரல். ஒன்றைக்கூட விடவில்லை நீ.

வாலு போன அன்று மதியம் எல்லோரும் கிளம்பிய பிறகு எங்கள் அறையில் நாம் மூன்று பேர்தான். நான் கீழே, அவள் கவுனை மடித்துக்கொண்டு. இவர் கதவோரம். நீ தகரப் பெட்டியின் மேல். உன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அக்கா இடிந்துபோய்விட்டாள் என்று நினைத்து, அந்த நிலையிலும் நான்தான் எழுந்து போய் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அப்போது நீ பாடம் படித்துக்கொண்டிருந்தாயா? என் மகள் போன அன்று உனக்கு ஒரு வேஷம் கிடைத்ததா?

படம் முடிந்ததும் இவர் டிவியை அணைத்தார். இவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். "அன்னைக்கு நீயும் இப்படித்தான் செஞ்ச, இல்ல? பையில கையை விட்டு, வாயில வச்ச. நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். என்னது அது?" என்று கேட்டார். இருபத்துநாலு வருஷமாக இல்லாத கேள்வி. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? நீதான் என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாய், நீயே சொல்.

மார்ச் 13

ஊசி,

உன் கடிதத்தைப் படித்ததும் வந்த ஆத்திரத்தில் நாலு பக்கம் எழுதி, கிழித்துப் போட்டேன். அதில் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். என்னைத் திருடி என்கிறாய். நடிக்கிறவள் வேறு எங்கிருந்து எடுப்பாள், கடையில் வாங்கி வருவாளா? அம்மாவின் நடையை எடுத்தபோது அம்மா சிரித்தாள், நீயும் சிரித்தாய்.

அப்புறம் விழாக்குழுவிடம் சொல்லிப் படத்தை வரவழைத்து, அறையைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். என் படங்களை நான் பார்ப்பதில்லை, மூக்கு பெரிதாகத் தெரியும். இந்தப் படத்தையும் நேற்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஐயோ, ஊசி. என் முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காலை நீட்டியிருக்கிறேன். பொத்தானைக் கீழிருந்து போடுகிறேன். மூக்கை உறிஞ்சுவதுகூட உன்னைப் போலத்தான், ஒரு பக்கமாக. எங்கிருந்து வந்தது தெரியாது என்று இருபத்தொரு வருஷம் சொன்னேனே, அது பொய்யில்லை. சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்து எடுத்திருந்தால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். தெரியாமலே எடுத்திருக்கிறேன் என்பதுதான் என்னைக் கலக்குகிறது. இன்னும் யார் யாரிடமிருந்து என்னென்ன எடுத்தேனோ.

அன்றைக்கு நான் பாடம் படிக்கவில்லை. வாலு என் தோளில் தூங்கி வளர்ந்தவள். அவள் இல்லாத வீட்டில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் வேலைக்குப் பழகிய கண். எனக்கு அழ வராத நேரத்தில் அது பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துவிட்டது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மாப்பிள்ளை கேட்டதற்கு ஏன் இப்படிப் பதறுகிறாய்? குழந்தையின் வாசனை கையில் ஒட்டியிருந்தது, முத்தம் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டுப் போயேன். எந்த அப்பா அதற்குக் கோபித்துக்கொள்வார்? இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அக்கா

மார்ச் 16

அக்கா,

அது முத்தம் இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் மூட்டில் இறங்கி, இதயம் வரைக்கும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். காலை ஒன்று, மாலை ஒன்று மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று என்னிடம்தான் இரண்டு தடவை சொன்னார். மாலை மாத்திரையை இவர் கொடுப்பார். காலையில் இவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார், அதனால் காலை மாத்திரை என் பொறுப்பு. அந்த மாதம் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. மாத்திரையை அவள் நாக்கில் வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிடுவேன். "முழுங்கிட்டியா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்பேன். "முழுங்கிட்டேன்மா!" என்பாள். நல்ல கசப்பு மாத்திரை, அக்கா. ஆறு வயசுக் குழந்தை. அவளுக்கு வாலு என்று பேர் வைத்ததே நீதானே.

அந்தக் கவுனுக்குப் பை கேட்டு இரண்டு நாள் அழுதாள். நான்தான் வைத்துக் கொடுத்தேன்.

அன்று மதியம் மடிக்கும்போது பைக்குள் ஏதோ நெருடியது. கையை விட்டேன். இரண்டு மாத்திரைகள். வாயில் வைத்துத் துப்பியவை, ஓரம் கரைந்து, காய்ந்து, பையின் நூல் ஒட்டிக்கொண்டிருந்தன. கதவோரத்தில் இவர் நிற்கிறார். பெட்டியின் மேல் நீ இருக்கிறாய். வேறு எங்கே ஒளிப்பது? வாயில் போட்டேன். தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன். நூல் உதட்டில் ஒட்டியது, விரலால் எடுத்தேன். உனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனேன் என்று எழுதினேனே, அதுவும் பொய். எனக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டது. முதல் டம்ளர் நான் குடித்தேன், இரண்டாவதைத்தான் உனக்குக் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் மாத்திரை போட்டாலும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். இவரும் ஏன் என்று கேட்காமல் காட்டுகிறார். அதற்குத்தான் நீ என்னை ஜெயிலர் என்கிறாய்.

என் மகளை நான் கவனிக்காமல் விட்டேன். அது தெரிந்தால் இவர் என்னோடு ஒரு வாய் சோறு சாப்பிடுவாரா? செத்தாலும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று விழுங்கியதை நீ நாலு மாடி உயரத்துக்கு ஒட்டி வைத்திருக்கிறாய்.

மார்ச் 19

ஊசி,

தபால்காரர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்தேன். "என்னம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது, கதவைச் சாத்திக்கொண்டேன்.

இருபத்தொரு வருஷம். எத்தனை பள்ளிக்கூடங்களில், எத்தனை மேடைகளில் அதைச் செய்து காட்டியிருக்கிறேன் தெரியுமா? நடிப்பு கற்க வந்த பெண்களை வரிசையாக உட்கார வைத்து, "முத்தத்தை அவசரப்படாமல் கொடுங்கள்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உதட்டில் விரல் வைப்பதைப் பற்றி ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் எழுதினார். அதை நான் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறேன். அது ஒரு நூல். நூலை எடுத்தாய் நீ. சட்டத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையை உனக்காகச் செய்துவிட்டேன். மாப்பிள்ளைக்கு இன்று தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அந்தக் காட்சி முழுக்க என் கற்பனை, அன்றைக்கு நீ வெறுமனே துணி மடித்தாய், படத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு நினைவு குழம்பிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். நான் பெட்டியின் மேல் இருந்தவள், அவரைவிடப் பக்கத்தில் இருந்தவள். நம்பிவிடுவார். நீ வாயைத் திறக்காதே.

மேடையில் நடிக்க முடியாது என்று விழாக்குழுவிடம் சொல்லப்போகிறேன். விருதும் வேண்டாம். உன் கையை வைத்து நான் வாங்குகிற விருது எனக்கு எதற்கு?

அக்கா

மார்ச் 23

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. அவருடையதை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து, கையில் ஒரு வேலையும் இல்லாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சுத்தாள் படிப்பது மாதிரி வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். முடித்து மடித்தார்.

"உங்க அக்கா நல்லா நடிப்பாங்க. எழுத வராது" என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உனக்கு எத்தனை கிடைச்சுது?" என்று கேட்டார்.

என்னது என்று நான் கேட்கவில்லை, அக்கா. "ரெண்டு" என்றேன்.

"எனக்கு மூணு."

பென்சில் டப்பாவில், பென்சிலுக்கு அடியில், காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாளாம். அவள் போன நாலாம் நாள், பள்ளிக்கூடப் பையை எடுத்து வைக்கும்போது பார்த்திருக்கிறார். மாலை மாத்திரை அவர் கொடுப்பது அல்லவா? அவரும் பேப்பர் படித்துக்கொண்டே கொடுப்பாராம். என் கண்ணில் பட்டால் நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று பயந்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஆற்றுப் பாலத்திலிருந்து வீசிவிட்டார். நான் வாயைத் திறந்து காட்டச் சொல்லும்போதெல்லாம் ஏன் என்று கேட்காமல் காட்டினாரே, அது எனக்கு அடங்கி இல்லை. ஏதோ எனக்கும் தெரிந்திருக்குமோ என்று நடுங்கிக்கொண்டே காட்டியிருக்கிறார். கேட்க வாய் வரவில்லையாம். உன் கை வாய்க்குப் போனதைப் பார்த்த பிறகுதான் உறுதியாயிற்றாம்.

இருபத்துநாலு வருஷம், அக்கா! ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து, நான் அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அவர் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். எங்களைவிடப் பெரிய நடிகர்களை நீ எந்தக் கம்பெனியில் பார்த்திருக்கிறாய்? விருதை எங்களுக்கல்லவா கொடுக்க வேண்டும்?

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. சோறு ஆறிப்போய், அதையே போட்டுச் சாப்பிட்டோம். ஒரு வாய் சோறு சாப்பிடுவாரா என்று உன்னிடம் கேட்டிருந்தேனே, அதற்காகச் சொல்கிறேன், அவர் என்னோடு சாப்பிட்டார்.

விருதை வேண்டாம் என்று சொல்லாதே. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, இருந்தாலும் சொல்லாதே. மேடையில் நடி. இத்துடன் ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். அவள் அளவு எனக்கு மறக்கவில்லை, நேற்று ஒரே மூச்சில் தைத்தேன். அவர்கள் கொடுக்கும் கவுனைத் தொடாதே. இதை வைத்து நடி.

மார்ச் 26

ஊசி,

கவுன் வந்தது. இரண்டு பக்கமும் பார்த்தேன், உள்ளே திருப்பியும் பார்த்தேன். பை வைக்க மறந்துவிட்டாயா என்று கேட்கத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். பாதியில் புரிந்தது.

பையில்லாமல் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ செய்ததுதானே. நாற்பத்தெட்டு வருஷத்தில் இப்படிப் பயந்து மேடை ஏறியதில்லை. அழைப்பிதழில் உங்கள் இரண்டு பேருக்கும் இடம் போட்டிருக்கிறது. வரவில்லை என்றாலும் டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

நாங்கள் வரவில்லை. அந்தப் போஸ்டரைத் தாண்டி உள்ளே நடக்க எனக்குக் கால் வராது. டிவியில் பார்த்தோம்.

நீ தரையில் உட்கார்ந்தபோதே கவனித்தேன். இரண்டு காலையும் மடக்கித்தான் உட்கார்ந்தாய். கவுனை எடுத்தாய். உன் கை பையைத் தேடிப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபக்கம் திருப்பினாய், அங்கும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை தேடினாய். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. உன் முகம் ஒன்றுமே இல்லாமல் வெறிச்சென்று ஆகிவிட்டது. மேடையில் அவ்வளவு நேரம் யாரும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து யாரோ முன்வரிசையில் கிசுகிசுத்ததுகூடக் கேட்டது.

அப்புறம் கவுனைத் தூக்கி வலது தோளில் போட்டுக்கொண்டாய். முதுகைத் தட்டிக் கொடுத்தாய். கழுத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து, அவள் தலைக்கு இடம் விட்டு. ஒவ்வொரு தடவை நீ எங்கள் வீட்டுக்கு வரும்போதும் அவளை அப்படித்தான் தூங்கவைப்பாய். எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது.

நீ அழுதாய். மூக்கு பெரிதாகத்தான் தெரிந்தது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் திருதிருவென்று விழித்தது.

"இதை அன்னைக்கு யாரும் செய்யலையே" என்றார் இவர்.

"இல்ல. இது அக்காவோடது" என்றேன்.

அக்கா, போன் செய். எடுக்கிறேன்.